வணிகப் பட்டப்படிப்பில் நிலைத்தன்மை மேலாண்மை: பினாங்கு மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாயான் லெப்பாசில் ஒரு மின்னியல் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். ஆலையின் கார்பன் கணக்கைப் புதுப்பிக்கச் சொல்லி ஓர் எக்செல் கோப்பைக் கையில் கொடுத்தார்கள். மின்சாரம் இருந்தது, டீசல் இருந்தது. குளிர்சாதன வாயு என்ற வரிசையில் மட்டும் இரண்டு ஆண்டுகளாகப் பூஜ்யம். இரவு பகலாக ஏர்கோன் ஓடும் கட்டடத்தில் ஒரு கிலோ வாயுகூடவா கசியாமல் இருக்கும்?

கீழே பராமரிப்பு அறைக்குப் போய்க் கேட்டேன். அங்கே நெடுநாளாக வேலை செய்யும் அண்ணன் மேசை இழுப்பறையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு 555 புத்தகத்தை எடுத்து நீட்டினார். மளிகைக் கடையில் பற்று எழுதுவோமே, அதே சின்னப் புத்தகம். என்ன தேதி, எந்த யூனிட், எத்தனை கிலோ கேஸ் ஏற்றியது, எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. "மேல ஆபீஸ்ல இருந்து யாரும் இத கேட்டதே இல்லம்மா. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்றார்.

அவர் ஏற்றியது ஆர்-410ஏ என்ற வாயு. அது ஒரு கிலோ கசிந்தால் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்பது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் நான்காவது அறிக்கை தரும் கணக்கு. 11.3 கிலோ தோம்பு ஒன்று முழுவதும் காற்றில் போனால் ஏறக்குறைய 23.6 டன். சுமார் 8,800 லிட்டர் டீசலை எரித்ததற்கு ஈடு. அந்தப் புத்தகத்தில் நான்கு தோம்புகளுக்கான கணக்கு இருந்தது.

நிலைத்தன்மை மேலாண்மை என்றால் என்ன படிப்பு என்று யார் என்னிடம் கேட்டாலும் எனக்கு அந்த 555 புத்தகம்தான் முதலில் நினைவுக்கு வரும். பளபளப்பான அறிக்கையில் அச்சாகும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு ரசீதோ, ஒரு மீட்டரோ, ஒருவர் கைப்பட எழுதிய குறிப்போ இருக்க வேண்டும். அதைத் தேடிப் போகவும், சரிபார்க்கவும், பிறகு அந்த எண்ணைக் குறைக்கவும் ஒரு நிறுவனத்தை நகர்த்துவதுதான் இந்தத் துறையின் வேலை. இந்த வழிகாட்டியை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

முதலில், இது எந்த மாதிரிப் படிப்பு?

சுற்றுச்சூழல் அறிவியல் வேறு, இது வேறு. அங்கே ஆற்று நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து ஆராய்வார்கள். இங்கே அந்த ஆற்றில் கழிவு விடாமலிருக்க ஒரு நிறுவனம் எவ்வளவு செலவு செய்ய வேண்டும், செய்யாவிட்டால் யார் அந்தச் செலவைச் சுமப்பார்கள், முதலீட்டாளருக்கு அதை எப்படிச் சொல்வது என்று படிப்போம். அடிப்படை கணக்கியலும் பொருளாதாரமும்தான்.

1987-ல் ஐ.நா. ஆணையம் ஒன்று தந்த புருண்ட்லாந்து அறிக்கை 'நீடித்த வளர்ச்சி' என்ற சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 1994-ல் ஜான் எல்கிங்டன் ஒரு நிறுவனத்தை லாபம், மக்கள், பூமி என்ற மூன்று கணக்குகளாலும் அளக்க வேண்டும் என்றார். எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் முதல் அத்தியாயத்தில் இவை இருக்கும். தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

நம் நாட்டில் இந்தத் துறைக்கு வேலை வாய்ப்பு பெருகியதற்குக் காரணம் விதிமுறைகள். பட்டியலிட்ட நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் நிலைத்தன்மை பற்றி எழுத வேண்டும் என்று நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியா 2015-ல் விதித்தது. 2022-ல் அதை இன்னும் கடுமையாக்கியது. 2024 செப்டம்பரில் தேசிய நிலைத்தன்மை அறிக்கைக் கட்டமைப்பு வந்தது. அதன்படி முதன்மைச் சந்தையில் 200 கோடி ரிங்கிட்டும் அதற்கு மேலும் சந்தை மதிப்புள்ள நிறுவனங்கள் 2025-ல் தொடங்கும் நிதியாண்டிலிருந்தும், முதன்மைச் சந்தையின் மற்ற நிறுவனங்கள் 2026-லிருந்தும், வளரும் நிறுவனங்களுக்கான ஏஸ் சந்தையில் உள்ளவையும் 200 கோடி ரிங்கிட் வருவாய் காணும் பட்டியலிடாத பெரிய நிறுவனங்களும் 2027-லிருந்தும் அனைத்துலகத் தரத்தில் அறிக்கை தர வேண்டும். இந்தப் பெரிய நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் விற்கும் சிறு நிறுவனங்களிடமும் எண்களைக் கேட்கின்றன. பிறையில் இரும்புத் தகடு வெட்டும் ஒரு சிறிய பட்டறைக்கும் இன்று அந்தக் கேள்வித்தாள் வந்து சேர்கிறது.

"இதப் படிச்சா வேல கிடைக்குமா?" என்று கேட்கும் அப்பா அம்மாவிடம் மேலே உள்ள பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

எஸ்.பி.எம். முடித்தவுடன் எந்த வழி?

எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேசன், அடிப்படைக் கல்வி, டிப்ளோமா என்று நான்கு வழிகள் உண்டு. எனக்கு எஸ்.டி.பி.எம். மீது தனி மரியாதை. செலவு மிகக் குறைவு, வணிகவியல், கணக்கியல், பொருளாதாரம் மூன்றையும் ஒன்றரை ஆண்டில் ஆழமாகப் படித்துவிடலாம். மெட்ரிகுலேசனில் கணக்கியல் பிரிவு கிடைத்தால் அதுவும் நல்லதே. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு யூ.பி.யூ. என்ற பொது விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும், மூவெட் ஆங்கிலத் தேர்வும் எழுதியிருக்க வேண்டும். கணிதத்திலும் ஆங்கிலத்திலும் எந்தத் தேர்ச்சி வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தகுதிப் பட்டியலை நேராகப் பார்த்துவிடுங்கள், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம்.

தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டும் முன் இரண்டு காரியம். அந்தப் பாடத்திட்டம் மலேசியத் தகுதி முகவையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். அப்புறம் பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் அந்தப் பாடத்திட்டத்துக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். அந்தக் கடனுக்கு எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு தேவை. கடைசி நாளில் திறக்க ஓடாமல் முன்கூட்டியே திறந்து வையுங்கள்.

பட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், பாடப் பட்டியலைப் பாருங்கள்

கல்விக் கண்காட்சியில் பசுமை இலை போட்ட கையேடுகள் நிறையக் கிடைக்கும். எல்லாப் படிப்பிலும் 'நிலைத்தன்மை' என்ற சொல் இருக்கும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அறிய ஓர் எளிய கணக்கு உண்டு.

மலேசியாவில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் மணி. ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஒரு பாடம் பெரும்பாலும் 3 கிரெடிட். ஆக, 'வணிக நெறிமுறையும் நிலைத்தன்மையும்' என்று ஒரே ஒரு பாடம் இருந்தால் அது மொத்தப் படிப்பில் 2.5 விழுக்காடுதான். நான்கு ஐந்து பாடங்கள் இருந்தால் 10 முதல் 12.5 விழுக்காடு வரும். அதோடு தொழிற்பயிற்சியையும் இறுதியாண்டு ஆய்வையும் இதே துறையில் செய்ய அனுமதித்தால் அது நல்ல படிப்பு. பட்டத்தின் பெயர் வெறும் வணிக நிர்வாகம் என்றே இருக்கட்டும், பரவாயில்லை.

பட்டியலில் நான் தேடச் சொல்பவை: கார்பன் கணக்கியல் அல்லது நிலைத்தன்மை அறிக்கை, விநியோகச் சங்கிலி, நிறுவன ஆளுகை, பசுமை நிதி, புள்ளியியல். இதில் முதலாவது இல்லாவிட்டால் யோசியுங்கள். இன்னொன்று, முடிவெடுக்கும் முன் அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவரைப் பிடித்து, "இதுவரை எத்தனை தொழிற்சாலைக்கு உள்ளே போயிருக்கீங்க?" என்று கேளுங்கள். பதில் பூஜ்யம் என்றால் அந்தக் கையேட்டை மடித்து வைத்துவிடலாம்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு யூ.எஸ்.எம். என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. 1969-ல் தொடங்கியது. 2008-ல் ஏபெக்ஸ் என்ற அரசாங்கச் சிறப்புத் தகுதி பெற்றபோது நிலைத்தன்மையையே தன் மாற்றத் திட்டத்தின் மையமாக வைத்தது. மேலாண்மைப் பள்ளியும் அதற்குள்ளேயே உண்டு. கோலாலம்பூர் பக்கம் போனால் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வணிக, பொருளாதாரப் புலம் இருக்கிறது. சன்வேயில் 2016-ல் அமைந்த ஜெப்ரி சாக்ஸ் நிலைத்தன்மை வளர்ச்சி மையம் இருக்கிறது. ஊரைவிட்டுப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-லிருந்து இங்கே இருக்கிறது. மின்னியல் ஆலைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது எவ்வளவு பெரிய வசதி என்று தூரத்திலிருந்து வந்து படிக்கும் மாணவர்களைக் கேட்டால் தெரியும்.

முதலாம் ஆண்டு: சலிப்பான பாடங்களைக் கெட்டியாகப் பிடியுங்கள்

நிதிக் கணக்கியல், நுண்பொருளியல், புள்ளியியல். பூமியைக் காப்பாற்ற வந்த பிள்ளைகளுக்கு இவை ஏமாற்றமாக இருக்கும். எனக்கும் இருந்தது. இருந்தாலும் பின்னால் நீங்கள் போடப்போகும் ஒவ்வொரு கணக்கும் இந்த மூன்றின் மேல்தான் நிற்கும்.

பொருளியலில் புறவிளைவு என்று ஒரு பாடம் வரும். அதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்யாதீர்கள். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலுக்கு ஆளானார்கள், அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூட வேண்டி வந்தது. கழிவை முறையாக அகற்றும் செலவை யாரோ மிச்சம் பிடித்தார்கள். அந்தச் செலவைப் பள்ளிப் பிள்ளைகளின் நுரையீரல் கட்டியது. இப்படி நினைத்துப் பார்த்தால் பாடப்புத்தக வரைபடத்தில் தனியார் செலவு, சமூகச் செலவு என்ற இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி என்னவென்று மறக்கவே மறக்காது.

எக்செல் நன்றாகப் பழகுங்கள். பிவோட் அட்டவணையும் அலகு மாற்றமும் தெரியாமல் இந்தத் துறையில் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. கிலோவாட் மணியையும் மெகாவாட் மணியையும் குழப்பினால் விடை ஆயிரம் மடங்கு தவறும். அச்சாகும் அறிக்கைகளிலேயே இந்தத் தவறைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டு: சுருக்கெழுத்துப் பெயர்களுக்குப் பயப்பட வேண்டாம்

ஜி.ஆர்.ஐ. (உலகளாவிய அறிக்கைத் தர அமைப்பு), ஐ.எஸ்.எஸ்.பி. (அனைத்துலக நிலைத்தன்மைத் தர வாரியம்), டி.சி.எப்.டி. (காலநிலை சார்ந்த நிதித் தகவல் பணிக்குழு) என்று சுருக்கப் பெயர்கள் வரிசையாக வரும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நம்ம ஊர் உதாரணம் ஒன்றோடு பாருங்கள்.

பினாங்கின் குழாய் நீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு கெடாவின் உலு மூடா காட்டில் பிறக்கிறது. ஒரு தொழிற்சாலைக்குத் தினமும் நிறைய நீர் வேண்டும். காடு அழிந்து ஆறு வற்றினால் அந்த ஆலையின் உற்பத்தி நிற்கும், லாபம் குறையும். உலகம் நிறுவனத்தின் பணப்பையை எப்படிப் பாதிக்கிறது என்ற இந்தப் பார்வை ஐ.எஸ்.எஸ்.பி.யுடையது, அதன் எஸ்1, எஸ்2 தரங்கள் 2023 ஜூனில் வெளிவந்தன, மலேசியா ஏற்றதும் அவற்றைத்தான். அதே ஆலை தன் கழிவுநீரை ஒழுங்காகச் சுத்திகரிக்காமல் விட்டால் கீழே மீன் பிடிப்பவர் பாதிக்கப்படுவார். நிறுவனம் உலகத்தை எப்படிப் பாதிக்கிறது என்ற பார்வை ஜி.ஆர்.ஐ.யுடையது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்கு இரட்டை முக்கியத்துவம் என்று பெயர். டி.சி.எப்.டி. 2023-ல் கலைக்கப்பட்டது, அதன் பரிந்துரைகள் எஸ்2-க்குள் கரைந்துவிட்டன. எனவே பழைய சொற்பொழிவுக் குறிப்புகளை வைத்துப் படிப்பவர்கள் கவனம்.

எஸ்2 தரத்தில் காலநிலை அபாயத்தை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று நேரடி அபாயம். 2017 நவம்பர் 4-ம் தேதி இரவு பினாங்கில் கொட்டிய மழையையும் வெள்ளத்தையும் நேரில் பார்த்தவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. கிடங்கின் தரைத்தளத்தில் இருந்த சரக்கு என்ன ஆகும், காப்புறுதிக் கட்டணம் எவ்வளவு ஏறும் என்று எண்ணாக்க வேண்டும். மற்றது மாற்ற அபாயம், அதாவது சட்டமும் சந்தையும் மாறுவதால் வரும் செலவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி இரும்பு, அலுமினியம், சிமெண்டு, உரம் போன்றவற்றுக்கு 2023 அக்டோபரில் தகவல் தரும் கட்டமாகத் தொடங்கி 2026 ஜனவரியிலிருந்து பணம் சார்ந்ததாகிறது. செம்பனை எண்ணெய்க்கும் ரப்பருக்கும் காடழிப்பு விதிமுறை வேறு இருக்கிறது: 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்து நட்ட நிலத்திலிருந்து வந்த பொருளை அது ஏற்காது.

இந்த ஆண்டில் ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு பட்டியலிட்ட நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இறக்கி, நிலைத்தன்மைப் பகுதியின் கடைசியில் இருக்கும் எண் அட்டவணைக்கு நேராகப் போங்கள். சிரிக்கும் குழந்தைகளின் படங்களுக்கு அப்புறம் வரலாம். மூன்று ஆண்டு எண்களை அருகருகே வையுங்கள். வெளியேற்றம் திடீரென்று பாதியாகக் குறைந்திருந்தால், உண்மையாகவே குறைத்தார்களா, அல்லது ஓர் ஆலையை விற்றுவிட்டார்களா என்று அடிக்குறிப்பில் தேடுங்கள். மொத்த அளவு ஏறியிருக்க, ஒரு டன் உற்பத்திக்கான அளவு மட்டும் இறங்கியிருக்கும். அதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பச்சைப்பூச்சு, அதாவது பசுமையாக இருப்பதுபோல் காட்டும் வேடம், எப்படி இருக்கும் என்பதை இப்படிப் பத்து அறிக்கை படித்தால் கண் தானாகப் பிடித்துவிடும்.

ஒரு சாப்பாட்டுக் கடையை வைத்துக் கணக்குப் போடுவோம்

லிட்டில் இந்தியாவில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்வோம். எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. சொந்தக்காரர் கடை இருந்தால் அவர்களின் உண்மையான பில்லை வாங்கிக்கொள்ளுங்கள்.

கார்பன் கணக்கை மூன்று எல்லைகளாகப் பிரிக்கச் சொல்கிறது பசுமைக்குடில் வாயு நெறிமுறை. கடை தானே எரிப்பதும் கசியவிடுவதும் முதல் எல்லை. வாங்கும் மின்சாரம் இரண்டாவது. கடைக்கு முன்னும் பின்னும் நடப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதை மட்டும் 15 வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள்.

சமையலறையில் மாதம் 50 கேஸ் தோம்பு, ஒவ்வொன்றும் 14 கிலோ. ஆக 700 கிலோ. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஏறத்தாழ 3 கிலோ கரியமில வாயு வரும். எனவே 2,100 கிலோ. சரக்கு வேனுக்கு 200 லிட்டர் டீசல், லிட்டருக்கு 2.68 கிலோ, ஆக 536 கிலோ. முதல் எல்லை இவ்வளவுதான், ஏர்கோனுக்கும் குளிர்பெட்டிக்கும் கேஸ் ஏற்றாத மாதமாக இருந்தால்.

மின்கட்டண பில்லில் 3,500 கிலோவாட் மணி. தீபகற்ப மின்கட்டமைப்புக்கு எரிசக்தி ஆணையம் வெளியிட்ட 2022-ம் ஆண்டுக் காரணி ஒரு கிலோவாட் மணிக்கு 0.774 கிலோ. பெருக்கினால் 2,709 கிலோ. நீங்கள் கணக்குப் போடும்போது ஆணையத்தின் புதிய எண் வந்திருந்தால் அதையே எடுங்கள், எந்த ஆண்டின் காரணி என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். சபா, சரவாக்குக்கு வேறு எண்கள். சரவாக்கில் நீர்மின்சாரம் அதிகம் என்பதால் அங்கே மிகக் குறைவு.

கூட்டினால் மாதம் 5,345 கிலோ, ஆண்டுக்கு ஏறக்குறைய 64 டன். பிள்ளைகள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவார்கள். ஆனால் கடையின் பெரிய கதை மூன்றாம் எல்லையில் இருக்கிறது: அரிசி, கோழி, ஆட்டிறைச்சி, எண்ணெய், அப்புறம் மீந்துபோகும் சாப்பாடு. நெல் வயலும் ஆடும் மீத்தேன் விடும். குப்பைமேட்டில் புதைந்த சோறும் விடும். பினாங்கின் குப்பை போய்ச் சேரும் புலாவ் பூரோங் மேட்டில் 2022 ஜனவரியில் தீப்பிடித்து வாரக்கணக்கில் புகைந்தது. நிபோங் திபாலில் என் பெரியம்மா வீட்டில் அந்த நாள்களில் ஜன்னலைத் திறக்கவே இல்லை, துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டார்கள்.

எனவே கடைக்காரரிடம் போய் "விளக்கை மாத்துங்க மாமா" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு வாரம் மீந்த சோற்றை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் முதல் மூன்று நாளிலேயே அவரே இரவுக்கு அரிசி போடும் அளவைக் குறைத்துவிடுவார், ஏனென்றால் அது அவர் பணம். இந்தப் பயிற்சியில் நான் கற்றதில் பெரியது இதுதான். எடை போட ஆரம்பித்தாலே மனிதர்கள் மாறத் தொடங்குகிறார்கள்.

மனிதர்களைப் பற்றிய கணக்கு

சுற்றுச்சூழல், சமூகம், ஆளுகை என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். மாணவர்கள் முதலாவதிலேயே மூழ்கிவிடுகிறார்கள். நான் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன், நடுவில் இருப்பதை விட்டுவிடாதீர்கள். அது நம்முடைய கதை.

2020-லும் 2021-லும் மலேசியக் கையுறைத் தயாரிப்பாளர்கள் சிலரின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. காரணம் கட்டாய உழைப்பு என்ற குற்றச்சாட்டு. வெளிநாட்டுத் தொழிலாளர் வேலைக்கு வருவதற்கே முகவருக்குப் பெரும்பணம் கட்டி, கடனாளியாக வந்து இறங்குகிறார்கள். கடன் தீரும்வரை நகர முடியாது. படிக்கும்போது எனக்கு என் பாட்டி சொன்னவை நினைவுக்கு வந்தன. கங்காணி தந்த முன்பணம், தோட்டத்து மளிகைக் கடைப் பற்று, லயத்து வீடு. 1938-ல் இந்தியா தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்த பிறகுதான் கங்காணி முறை ஓய்ந்தது. முன்பணத்தின் பெயர் மாறியிருக்கிறது, கட்டிப்போடும் விதம் மாறவில்லை.

படிப்பில் இதை எப்படிக் கையாள்வது? மூன்று ஆவணங்களை வரிக்கு வரி படியுங்கள். 2023 ஜனவரி 1-லிருந்து வார வேலை நேரத்தை 48-லிருந்து 45 மணியாகக் குறைத்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம். தொழிலாளர் தங்குமிடத் தரம் பற்றிய 446-ம் சட்டம், 2019 திருத்தத்தோடு. மின்னியல் துறையில் பரவலாகக் கேட்கப்படும் பொறுப்பான வணிகக் கூட்டணியின் நடத்தை விதி. அது மிகைநேரம் சேர்த்து வாரம் 60 மணி என்று வரம்பு வைக்கிறது, வேலை பெறத் தொழிலாளி கட்டணம் செலுத்தக் கூடாது என்கிறது, கடப்பிதழை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது.

பிறகு சம்பளச் சீட்டைப் படிக்கப் பழகுங்கள். மிகைநேர மணியைக் கூட்டிப் பாருங்கள். ஆலைக்குள் போகும் வாய்ப்பு கிடைத்தால், தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் அண்ணன்மாரிடம் அவர்கள் மொழியில் பேச உங்களால் முடியும். தணிக்கையாளர் மொழிபெயர்ப்பாளரை வைத்து ஒரு மணி நேரத்தில் கேட்டுப் பெறாததை, நீங்கள் கேன்டீனில் ஒரு தே தாரேக் குடிக்கும் நேரத்தில் தெரிந்துகொள்வீர்கள். அப்படித் தெரிந்துகொண்டதை அவர் பெயர் வெளியே போகாமல் காக்க வேண்டியதும் நீங்கள்தான்.

தொழிற்பயிற்சியும் இறுதியாண்டு ஆய்வும்

பயிற்சிக்கு எல்லோரும் பெரிய தணிக்கை நிறுவனங்களையும் வங்கிகளையும்தான் நினைப்பார்கள். நல்லவைதான். வங்கிகளுக்கு 2021-லிருந்தே பேங்க் நெகாராவின் காலநிலை வகைப்பாடு இருக்கிறது, கடன் கேட்டு வரும் தொழில்களை அதன்படி பிரிக்க ஆள் தேவை. ஆனால் பெரிய நிறுவனங்களுக்குப் பொருள் தருபவர்களுக்குப் பொருள் தரும், அதாவது இரண்டாம் நிலை விநியோகஸ்தராக இருக்கும் நடுத்தர ஆலை ஒன்றில் சேர்ந்தால், அங்கே இந்த வேலைக்கென்று ஒருவருமே இருக்க மாட்டார்கள். மூன்று மாதத்தில் முழுக் கணக்கையும் நீங்களே எழுப்புவீர்கள். சிறு நடுத்தர நிறுவனங்களுக்காக கேபிடல் மார்க்கெட்ஸ் மலேசியா 2023-ல் வெளியிட்ட எளிய அறிக்கை வழிகாட்டியை அச்சிட்டுக் கையில் எடுத்துப் போங்கள். எங்கே தொடங்குவது என்ற குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

பினாங்கு பசுமை மன்றத்தையும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் மறக்காதீர்கள். பயனீட்டாளர் சங்கம் பல பத்தாண்டுகளாகத் தமிழிலும் இதைப் பேசி வருகிறது. ஆய்வுத் தலைப்புக்குக் காற்றில் தேட வேண்டாம். 2009-ல் பினாங்கு பிளாஸ்டிக் பை இலவசமாகத் தருவதை நிறுத்தத் தொடங்கி, 2011-லிருந்து எல்லா நாளும் என்று ஆக்கியது. 2016 ஜூனிலிருந்து வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கச் சொன்னது. உங்கள் தாமானில் இதை எத்தனை பேர் செய்கிறார்கள், செய்யாதவர் ஏன் செய்யவில்லை என்று நாற்பது வீட்டில் கேட்டு எழுதினாலே அது யாரும் எழுதாத ஆய்வாக இருக்கும்.

சான்றிதழ்கள் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஜி.ஆர்.ஐ. சான்றிதழ், அனைத்துலகக் கணக்கியல் தரங்களை வெளியிடும் ஐ.எப்.ஆர்.எஸ். அறக்கட்டளையின் எப்.எஸ்.ஏ. சான்றிதழ் போன்றவை உண்டு. படிக்கும்போதே கடன் வாங்கிச் செய்ய வேண்டாம். வேலையில் சேர்ந்த பிறகு பல நிறுவனங்கள் தாங்களே பணம் கட்டும். அதற்குப் பதிலாக மேலே சொன்ன கடைக் கணக்கை ஒரே பக்கத்தில் சுத்தமாகப் போட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் பில்லின் படத்தை இணைத்து, நேர்முகத் தேர்வுக்கு எடுத்துப் போங்கள். நான் இப்போது பயிற்சி மாணவர்களைத் தேர்வு செய்யும் மேசையில் உட்கார்கிறேன். "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பேன். பில்லைத் திருப்பிக் காட்டும் பிள்ளையை எடுத்துக்கொள்வேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பராமரிப்பு அறை, கழிவு சேமிக்கும் இடம், தொழிலாளர் விடுதி மூன்றுக்கும் போய்வாருங்கள். யார் எதை எங்கே எழுதி வைக்கிறார்கள் என்று கேளுங்கள். எங்கள் ஆலையில் அந்த அண்ணனின் 555 புத்தகத்தை இப்போது மாதக் கடைசியில் படம் எடுத்து வைக்கிறோம், பக்கத்தின் கீழே அவர் கையெழுத்திடுகிறார். பழைய இரண்டு ஆண்டுக் கணக்கையும் திருத்தி, ஏன் திருத்தினோம் என்று அறிக்கையிலேயே எழுதினோம். அடுத்த தணிக்கைக்கு வந்தவர் அந்த வரிசைக்கு ஆதாரம் கேட்டபோது அண்ணனையே மேலே அழைத்தோம். சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேதி தேதியாக அவரே படித்துக் காட்டினார்.